யாரைக் கேட்டு?

எண்பதுகளில் எங்கள் வீட்டில் எதிர்காலத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மேற்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில், இரண்டு அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாரப் பத்திரிகையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பான். இரண்டாயிரமாவது ஆண்டில் மனிதன் நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் வேலை செய்வானாம். மீதியை எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளுமாம். மனிதன் வீணை வாசிப்பானாம், தோட்டம் போடுவானாம். கூடவே படம் இருக்கும். கண்ணாடிக் கட்டடம், பறக்கிற கார், கோட்டு போட்ட ஒரு ஆள் நின்றுகொண்டு ஒரு பொத்தானை அமுக்குவான்.

அந்தப் படங்களில் நான் எப்போதும் இரண்டு விஷயங்களைத் தேடுவேன். இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். பிறகு, ஒரு கக்கூஸ். இரண்டும் இருக்காது.

"ஏண்ணா, ரெண்டாயிரத்துல யாரும் ஒண்ணுக்குப் போக மாட்டாங்களா?" என்று கேட்பேன்.

"இது ஒரு கேள்வியாடி?" என்பான் அண்ணன். உள்ளேயிருந்து அம்மா, "பொம்பளை பேசற பேச்சைப் பாரு" என்பாள்.

அண்ணன் ரயில்வேயில் குமாஸ்தா. யூனியன்காரன். பத்திரிகைக்காரனின் இயந்திர சொர்க்கத்தை அவன் நம்பவில்லை. அவனிடம் அதைவிட உயர்ந்த சொர்க்கம் ஒன்று இருந்தது. முதலாளியே இல்லாத உலகம். அங்கே தொழிலாளி பாட்டுப் பாடிக்கொண்டு வேலைக்குப் போவான், முடிந்ததும் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புவான். ஆனால் அது சும்மா வந்துவிடாது, அதற்கு முன்னால் சில கட்டங்களைத் தாண்டியாக வேண்டும் என்று விரல் விட்டு விளக்குவான். அவன் சொல்லும்போது கண் பளபளக்கும். நல்லவன்தான். அதை நான் மறுக்க மாட்டேன். நான் அந்த நேரத்தில் அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு நீர்மோர் குடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு நீர்க்கடுப்பு. மாதத்தில் பாதி நாள் நீர்க்கடுப்பு.

ஒரு ஸ்டேஷன் தள்ளி, சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பேர் சொல்ல மாட்டேன். கம்பெனியே போய்விட்டது, இனிமேல் திட்டி என்ன ஆகப் போகிறது. எனக்குக் காலர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை காலர், மறுநாளும் காலர். முழுச் சட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், பெட்டிக்குள் போகும்போது எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

எங்கள் வரிசை முழுக்கப் பெண்கள். வரிசைக்கு ஒரு டோக்கன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்துண்டு, சிவப்புப் பெயின்ட் அடித்து, கயிறு கட்டி, தூணில் ஓர் ஆணியில் மாட்டியிருப்பார்கள். பாத்ரூம் போக வேண்டுமானால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி போனால் அவள் வரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆணி காலியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே எங்களுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிப் போயிருந்தது. இந்தப் பாடு எதற்கு என்று முக்கால்வாசிப் பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். வரிசை முழுக்க நீர்க்கடுப்பு.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டோம். பிறகு புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தான். அவன் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஆணியில் இருந்தவரை எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் இருந்தால் கேட்டாக வேண்டும். அவன் எதிரே போய் நின்று, கையை நீட்டி, வாய் திறந்து, "போய்ட்டு வரட்டா சார்?" என்று கேட்டாக வேண்டும். அவன் கடிகாரத்தைப் பார்ப்பான், நம்மைப் பார்ப்பான், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பான்.

என் பக்கத்து மெஷினில் இருந்தவள் சட்டைக்குக் கை தைப்பவள். கோவளத்துக்காரி. அவளுடைய அம்மா அங்கே படகு கரையேறுகிற இடத்தில் மீன் வாங்கிக் கூடையில் வைத்து விற்பவள். இவளைப் பீர்க்கன்கரணையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் கொத்து வேலைக்குப் போகிற நாளில் போவான், போகாத நாளில் ஏரிக்கரையில் சீட்டாடுவான். இரண்டு பெண் குழந்தைகள். வரிசையிலேயே வேகமான கை அவளுடையது. வாய் அதைவிட வேகம்.

ஒரு நாள் அவள் எழுந்து போய்க் கையை நீட்டினாள். அவன், "இன்னும் அஞ்சு பீஸ் முடிச்சிட்டு வந்து கேளு" என்றான்.

"அஞ்சு பீஸ் முடிக்கிற வரிக்கும் அது நிக்குமா சார்? உன் பாக்கெட்ல கீறத எடுத்துக் குடு" என்றாள் அவள்.

வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடலோரமா ஒதுங்கிப் பழகினவளுங்களை எல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்" என்றான். சிரிப்பு நின்றது. அவள் திரும்பி வந்தாள், மெஷின் சுவிட்சை அணைத்தாள், சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் என் சுவிட்சை அணைத்தேன். யோசித்து அணைத்தேன் என்று சொன்னால் பொய். கை அணைத்தது. எங்கள் பின்னால் இன்னும் ஏழு பேர் வந்தார்கள்.

ரயிலில் லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன செய்வது என்று பேசினோம். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றாள் ஒருத்தி. அங்கேயும் ஒரு டோக்கன் இருக்கும், அதையும் ஒருத்தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான் என்றேன் நான். கம்பெனிதானே, நாமே வைத்தால் என்ன என்று கோவளத்துக்காரிதான் முதலில் சொன்னாள். வண்டி தாம்பரத்துக்கு வந்து சேர்வதற்குள் கம்பெனி ஆரம்பித்துவிட்டோம்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் ரொம்பவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இது நடக்காதும்மா. சமுத்திரத்துக்கு நடுவுல நீங்க மட்டும் ஒரு தீவு கட்டி உக்கார முடியாது. முதல்ல அமைப்பு மாறணும். அப்புறம்தான் இதெல்லாம்."

"அமைப்பு மாறுற வரைக்கும் நான் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கணுமா அண்ணா?"

அவனிடம் இருந்த எந்தக் கட்டத்திலும் அதற்கு இடமில்லை. எனக்கு அவனுடைய உலகத்தின் மேல் கோபம் இல்லை. அது வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஆனால் பத்திரிகைக்காரனும் சரி, இவனும் சரி, நல்ல வேலை என்பதை எப்போதும் எங்கேயோ தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். எனக்கு அது வருகிற திங்கட்கிழமை வேண்டும். அவ்வளவுதான் என் கட்சி.

பீர்க்கன்கரணை ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கோழிப் பண்ணை நொடித்துப்போய் ஷெட் காலியாகக் கிடந்தது. அஸ்பெஸ்டாஸ் கூரை, பாதிச் சுவருக்கு மேல் கம்பி வலை. அதைத்தான் பிடித்தோம். கழுவோ கழுவென்று கழுவினோம். ஆனாலும் மழை பெய்தால் கோழி வாடை எழுந்து வரும், கடைசிவரை போகவில்லை. மெஷினுக்கு எங்கே போவது? எல்லார் வீட்டிலும் கல்யாணத்தில் சீராகக் கொடுத்த, காலால் மிதிக்கிற மெஷின் இருந்தது. பல வீட்டில் அதன் மேல் டி.வி.யை வைத்திருந்தார்கள். டி.வி.யை இறக்கிவிட்டு மெஷினை மூணு சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். ஷெட்டில் வைத்துச் சின்ன மோட்டார் பொருத்திக்கொண்டோம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஆனாலும் எனக்காக வாங்கி வைத்திருந்த மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். "அதுவும் போச்சா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சட்டங்கள் எங்களிடம் அதிகம் இல்லை. ஒருத்தியே காலரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், மாற்றி மாற்றித் தைப்போம். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும், அவர்கள் வீட்டுக்கு வருகிற நேரத்தில் எழுந்துவிடலாம். டீ போடுவது முறை வைத்து. முதலாளி, சூப்பர்வைசர் என்று யாரும் இல்லை.

முதல் நாளே ஒரு வேடிக்கை நடந்தது. தைத்துக்கொண்டிருந்தேன், அவசரமாக வந்தது, எழுந்தேன். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் வலது கை முன்னால் நீண்டிருந்தது. எதிரே வலையும், அதற்கு அப்பால் ஒரு எருமை மாடும்தான் இருந்தன. "போய்ட்டு வரட்டா?" என்று என் வாய் கேட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் மறுநாள் இன்னொருத்தி அப்படியே செய்தாள். அதற்கடுத்த நாள் வேறொருத்தி. யாராவது ஒருத்தி "போ, போ" என்று சொன்னால்தான் கால் நகர்ந்தது. நாலாவது ஆள் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சட்டத்தைப் போட்டோம். யார் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. போ என்றும் சொல்லக் கூடாது, இரு என்றும் சொல்லக் கூடாது. கேட்டவள் நிற்கிற வரைக்கும் நிற்கட்டும், தானாகப் போகட்டும். கேட்டால் பதில் வராது என்று தெரிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது நின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது திமிராகத் தெரியும். தெரியட்டும்.

எங்களுக்கு முதலாளி என்று ஒருவன் இருந்தான் என்றால், அது தண்ணி லாரிதான். கோடையில் கிணறுகளில் தூர் தெரிய ஆரம்பித்ததும் பஞ்சாயத்து லாரி வரும். எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. தெருமுனையில் ஹாரன் கேட்டதும் ஷெட்டில் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நிற்கும். ஊசிக்கு அடியில் துணி துணியாகவே கிடக்க, எல்லோரும் ஓடுவார்கள். பழைய கம்பெனியில், தண்ணீர் பிடித்துவிட்டுத் தாமதமாக வந்ததற்காக, வாசல் கேட்டுக்கு வெளியே அரைநாள் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் இவர்கள். இங்கே தண்ணீர் பிடித்து, வீட்டில் ஊற்றிவிட்டு, நனைந்த இடுப்போடு வந்து விட்ட தையலிலிருந்து தொடர்வார்கள். எங்கள் வீட்டில் கிணறு வற்றாது, அதனால் நான் மட்டும் ஷெட்டில் இருப்பேன்.

கிண்டியில் ஒரு பெரிய ஏற்றுமதி ஆபீசிலிருந்து எங்களுக்குச் சோதனைக்காகக் கொஞ்சம் குழந்தைகள் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்கள். சுத்தமாகத் தைத்துச் சொன்ன நாளுக்கு முன்பே கொடுத்திருந்தோம். அவர்கள் ஆபீஸ் சார் ஒருவர் எங்கள் இடத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தார். வெள்ளைக் கார் வாசலில் நிற்பதற்குச் சற்று முன்னால்தான் லாரி ஹாரன் அடித்திருந்தது.

அவர் உள்ளே வந்து பார்த்தார். ஒன்பது மெஷின், ஒரு ஆள். எட்டு ஊசிக்கு அடியில் பாதி தைத்த துணி. ஒரு மெஷினில் மோட்டார்கூட அணையாமல் முனகிக்கொண்டிருந்தது. அவருக்கு ஏதோ ஸ்டிரைக் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எல்லாரும் எங்கம்மா?"

"தண்ணி புடிக்கப் போயிருக்காங்க சார். வந்துடுவாங்க."

"யாரைக் கேட்டுப் போனாங்க?"

"யாரைக் கேக்கணும்?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் எதிர்த்துப் பேசுகிறேனா, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. நான் நிஜமாகத்தான் கேட்டேன். "இங்க இன்சார்ஜ் யாரு?" என்றார். அப்படி யாரும் இல்லை என்றேன். "அப்ப நான் யார்கிட்ட பேசறது?" என்றார். "என்கிட்ட பேசுங்க சார். அவங்க வந்தப்புறம் அவங்ககிட்டயும் பேசுங்க" என்று டீ கொடுத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. காத்திருந்தார். ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்து, ஒருத்தரும் ஒருத்தரையும் ஒன்றும் கேட்காமல் மெஷினை ஓட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினார். தையல் நன்றாக இருக்கிறது, வருஷம் முழுக்க வேலை தரலாம். ஆனால் கப்பல் யாருக்காகவும் நிற்காது. எனவே வாசலுக்கு ஒரு கேட் வேண்டும், வேலை நேரத்தில் பூட்ட வேண்டும். காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார வேண்டும். வெளியே போவதற்கு ஒரு டோக்கன் சிஸ்டம் வேண்டும். அந்த வார்த்தையைத்தான் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சூப்பர்வைசர் வேண்டும், அவரோடு மட்டும்தான் ஆபீஸ் பேசும்.

"நீங்க படிச்ச மாதிரி தெரியுது. நீங்களே இருங்களேன். உங்களுக்குத் தனியா சம்பளம், நாங்களே தர்றோம்" என்றார் என்னிடம்.

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பினோம். அவர் போனதும் வெட்டின துணிகளைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். நான் இதற்கு என்ன யோசனை, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றேன். கோவளத்துக்காரி என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லுவ. உன் அண்ணனுக்கு ரயில்வே. ஒண்ணாந்தேதி ஆனா உன் வூட்ல அடுப்பு எரியும். எனக்கு இன்னா கீது? கடலுக்குப் போறவனுக்குத் தெனமும் மீன் சிக்காது. எங்கம்மா அத்த நம்பியே பொயச்சா. மீன் வந்தா சோறு, வராட்டி எங்களுக்குத் தண்ணி. அந்தப் பொயப்பு வேணாம்னுதான் நான் தையல் கத்துக்கினேன். வருசம் பூரா வேலை தர்றேன்னு ஒருத்தன் வர்றான். வேணாம்ன்றியா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எனக்கு அது அன்றைக்கும் தெரியும். ஷெட்டில் வேலை இல்லாத வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் அவள் குழந்தைகளைக் கோவளத்துக்கு அனுப்பிவிடுவாள்.

"அன்னிக்கு டோக்கனுக்காக முதல்ல எழுந்தவ நீதானே?" என்றேன்.

"எழுந்தேன். வயசு. இப்ப கேட்டுட்டுப் போறேன். கேட்டா இன்னா, வாய் தேஞ்சிடுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை. ஒரு மனுஷிக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், சோற்றைப் பிடித்தால் மரியாதை போகும், மரியாதையைப் பிடித்தால் சோறு போகும் என்று ஏற்பாடு செய்து வைத்தவன் யாரோ, அவன் மேல். அவன் எதிரில் இல்லாததால் கத்தரிக்கோலைத் தூக்கித் தரையில் போட்டேன்.

கேட் வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள், வேண்டாம் என்று நாலு பேர். ஒருத்தி வாயே திறக்கவில்லை. நான் சொன்னேன்: "சரி, போடலாம். ஆனா டோக்கனை நான் என் பாக்கெட்ல வெச்சுக்க மாட்டேன். அந்த நாற்காலியில உக்கார மாட்டேன். வேற யார் உக்காருறீங்க?"

கேட் வேண்டும் என்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். கடைசியில் அவளைக் கேட்டேன். "நீ உக்காரு. உனக்குத்தான் கை வேகம், கணக்கும் தெரியும். நாங்க வந்து உன்கிட்ட கேக்கறோம். நீ போன்னு சொல்லு, இருன்னு சொல்லு."

அவள் தரையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். "நான் மாட்டேன்" என்றாள்.

கேட்டுக்கொண்டு போகத் தயாராக இருந்தவர்கள் இருந்தார்கள். கேட்கப்படுகிறவளாக இருக்க ஒருத்தியும் தயாராக இல்லை. அந்த வேலை அப்படித்தான் எங்கள் கையை விட்டுப் போனது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவள் மீன்பாடி வண்டியோடு வந்தாள். அதே கிண்டி ஆபீசுக்குக் குரோம்பேட்டையில் ஒரு யூனிட் இருந்தது, அங்கே சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். மெஷின் வார்ப்பு இரும்பு, ஒருத்தியால் தூக்க முடியாது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம். வண்டி திரும்பும்போது அவள், "வர்றேன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அது கேள்வி இல்லை என்று தெரிந்தும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எதைத்தான் தைக்கவில்லை! பள்ளிக்கூட யூனிஃபார்ம், பாவாடை, தலையணை உறை, சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கு அங்கி, குன்றத்தூர் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் வேட்டிக்கு ஓரம். கிருத்திகைக்கு ஷெட்டை மூடிவிட்டு நாங்களும் குன்றத்தூர் மலை ஏறுவோம், யாரையும் கேட்காமல். சில வருஷம் நன்றாக ஓடியது. சில வருஷம் இழுபறி. ஆனால் ஒரு நாளும் கேட் பூட்டப்படவில்லை. பூட்டுவதற்குக் கேட்டே இல்லை. டோக்கனை வைத்திருந்த பழைய கம்பெனி அதற்குள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. கேட், சூப்பர்வைசர், டார்கெட், எல்லாம் இருந்தும் போய்விட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஷெட்டும் போனது. ஏரியைச் சுற்றி வீடுகள் வந்துகொண்டிருந்தன, இடத்துக்காரர் ஃபிளாட் கட்ட விற்றுவிட்டார். யூனிஃபார்ம் எல்லாம் ரெடிமேடாகக் கடைக்கே வந்து இறங்க ஆரம்பித்திருந்தது. மெஷின்களை மறுபடியும் மீன்பாடி வண்டியில் ஏற்றி அவரவர் வீட்டுக்கு அனுப்பினோம். அன்று சாயங்காலம் அண்ணன் காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. அவனுடைய கட்டங்கள் எதுவும் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கவில்லை. பறக்கிற காரும் வந்திருக்கவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, நிக்காதுன்னு" என்றான். குத்திக்காட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எது நிக்கலை? பன்னெண்டு வருஷம் நின்னுச்சு. உன் உலகம் எத்தனை நாள் நின்னுச்சு, சொல்லு பார்க்கலாம்?" என்றேன். பிறகு அவனுக்கு ஒரு காலை வேளையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முன் அவனிடம் சொன்னதில்லை.

கோவளத்துக்காரி போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை. ஷெட்டில் கோழி வாடை மூக்கைத் துளைத்தது. வாசலில் மீன்பாடி வண்டி, அதில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய மெஷின், பக்கத்தில் அவள். இளைத்திருந்தாள். ஏன் வந்தாய் என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுடைய பழைய இடத்தில் வேறொருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். எனவே வாசலுக்குப் பக்கத்தில், சாரல் அடிக்கிற இடத்தில் மெஷினை இறக்கிப் போட்டோம். அவள் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், வெட்டின துணி பண்டிலைப் பிரித்தாள், தைக்க ஆரம்பித்தாள். அந்த வேகமான கை அப்படியேதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெஷின் நின்றது. எழுந்தாள். வலது கை தானாக முன்னால் நீண்டது. எதிரே கம்பி வலையும் மழையும்தான்.

"போய்ட்டு வரட்டா?" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி "போங்கக்கா" என்று சொல்ல வாயெடுத்தாள். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் ஊசி எங்கே இறங்குகிறது என்றே எனக்குத் தெரியவில்லை, கண் மறைத்தது. ஆனாலும் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

"இன்னாங்கடி, ஒருத்திக்கும் வாய் இல்லியா?" என்றாள். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். சட்டென்று மடக்கிக்கொண்டாள். அந்தக் கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

திரும்பி வர நேரமாயிற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள், கண் மட்டும் சிவப்பாக இருந்தது. நேராக என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கி கேட்டனே, வாய் தேஞ்சிடுமான்னு" என்றாள். "தேஞ்சிதாண்டி பூட்ச்சி."

அதற்கும் நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.